மூச்சுக்கு ஆகாத சுத்தம்

என் வீட்டுக்காரர் காசிமேட்டில் ஒரு ஐஸ் ஃபேக்டரியில் மெஷின் பார்த்துக்கொண்டிருந்தார். ஐஸ் உறைவதற்கு அமோனியா வேண்டும். அது குழாய்க்குள் இருக்கும் வரைக்கும் யாருக்கும் அதன் நினைப்பு வராது. ஒரு காலை ஷிஃப்டில் வால்வு ஒன்று பிய்த்துக்கொண்டது. கூட இருந்தவர்கள் வாசலுக்கு ஓடினார்கள். இவர் மெயின் வால்வை மூடிவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனார். மூடிவிட்டார். வெளியே வரும்போது தவழ்ந்து வந்தாராம்.

உயிர் பிழைத்தது. ஆனால் மூச்சு பழைய மூச்சாகத் திரும்பி வரவில்லை. நெஞ்சு டாக்டர் எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, "உள்ள குழாயெல்லாம் வெந்து ஆறியிருக்கும்மா. இனிமே எந்த நெடியும் தாங்காது. பினாயில், ஆசிட், பிளீச்சிங் பவுடர், கொசுவத்தி, ஊதுவத்தி, எதுவும் வீட்டுக்குள்ள வரக்கூடாது" என்றார். நான் தலையாட்டிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து குளியலறை அலமாரியைத் திறந்தபோதுதான் அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. அவர் சொன்ன எல்லாமே அங்கே வரிசையாக நின்றன.

நான் டோல்கேட் பக்கம் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீஷியன். மற்றவர்களுக்குக் கிருமி என்பது விளம்பரத்தில் வரும் பச்சைப் பூச்சி. எனக்கு அது தினமும் மைக்ராஸ்கோப் வழியாகப் பார்க்கிற, நெளிகிற, இரண்டாகப் பிரிகிற ஒன்று. மலச் சாம்பிள், சீழ்ச் சாம்பிள் எல்லாம் என் கையைத் தாண்டித்தான் போகும். அதனால் வீட்டில் நான் கொஞ்சம் அதிகமாகவே பிளீச்சிங் பவுடர் போடுவேன். மூக்கை அரிக்கும் அந்த நெடி இருந்தால்தான் கழுவியதாக மனசு ஒப்புக்கொள்ளும். அது போன பிறகு, கழுவிய தரையில் கால் வைக்கவே பயமாக இருந்தது.

நாங்கள் ராயபுரத்தில் குடியிருந்த வீட்டில் இரண்டு போர்ஷன். எங்களுக்கும் பக்கத்துப் போர்ஷனுக்கும் நடுவில் ஒரே சுவர். அங்கே ஒரு இளம் பெண், அவளுடைய மூன்று வயது மகள். அவள் புருஷன் துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் லாரி ஓட்டுபவன். வீட்டில் இருப்பதைவிட ரோட்டில் வரிசையில் நிற்பதுதான் அதிகம். பின்பக்கம் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு கக்கூஸ், ஒரு குளியலறை, தரைக்கு அடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி. என் பயம் எல்லாம் அந்தப் பின்பக்கத்தில்தான் குடியிருந்தது.

முதலில் வேப்பிலையைக் கொதிக்க வைத்து அந்தத் தண்ணீரில் கழுவிப் பார்த்தேன். எலுமிச்சைத் தோலை ஊறப்போட்டேன். வாசனை நன்றாகத்தான் இருந்தது. ஒரு வாரம் நிம்மதியாகக்கூட இருந்தேன். பிறகு வேலைப் புத்தி விடவில்லை. கழுவித் துடைத்த கக்கூஸ் தரையைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து, லேபுக்கு எடுத்துப் போய், லேப் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, கல்ச்சர் பிளேட்டில் தடவி வைத்தேன். ஜெல்லி மாதிரி சத்துப்பொருள் ஊற்றிய வட்டத் தட்டு அது. கிருமி இருந்தால் வளர்ந்து, புள்ளி புள்ளியாகக் கண்ணுக்கே தெரியும். மறுநாள் காலையில் எடுத்துப் பார்த்தேன். புள்ளி இல்லை. தட்டு முழுக்கப் பாசி படர்ந்தாற்போல் மூடியிருந்தது. கழுவாத தரையிலிருந்து எடுத்த இன்னொரு தட்டைப் பக்கத்தில் வைத்தேன். எது எது என்று எழுதி ஒட்டாமல் இருந்திருந்தால் எனக்கே தெரிந்திருக்காது.

அவர் அந்தத் தரையில்தான் வெறுங்காலோடு நடக்கிறார். ஒரு சாதாரண சளி பிடித்தாலே ஆஸ்பத்திரியில் போட வேண்டிய நெஞ்சு அது.

லேப் டாக்டர்தான் சொன்னார்: "வேப்பிலைத் தண்ணில ஒண்ணும் ஆகாதும்மா. ஓம உப்புன்னு ஒண்ணு இருக்கு, ஓம எண்ணெயிலேர்ந்து வர்றது. அதுக்கு நெஜமாவே கிருமி சாகும். எலுமிச்சைப்புல் தைலமும் ஓரளவுக்கு வேலை செய்யும். ஆனா உங்க வீட்டுக்காரருக்கு ஒத்துக்குமான்னு நீங்கதான் பாக்கணும்."

வண்ணாரப்பேட்டையில் ஊதுவத்திக்காரர்களுக்கும் சோப்புக்காரர்களுக்கும் தைலம் விற்கிற ஒரு பாய் கடை இருந்தது. அரையிருட்டில் அலுமினியக் கேன்கள் வரிசையாக நிற்கும். எதற்கு என்று பாய் கேட்டார். சொன்னேன். அவர் ஓம எண்ணெய்க் கேனின் மூடியைத் திறக்கப் போனவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"இது காரமான சாமான்மா. கையில பட்டா தோலு செவந்துடும். இயற்கைன்னு சொல்லிகினு எல்லாரும் வாங்கினு போறாங்கோ. இயற்கைன்னா சாதுன்னு அர்த்தம் இல்ல. நெஞ்சு கெட்டுப்போன மனுசன் கீற வூட்டுல கொஞ்சமா, ரொம்பக் கொஞ்சமா போட்டுப் பாரு."

கிராம்புத் தைலமும் நீலகிரித் தைலமும் கேட்டேன். நீலகிரியை அவர் தரவே மாட்டேன் என்றார். "பக்கத்து வூட்டுல சின்னக் கொழந்த கீதுன்னு சொன்னியே. ஒரு முழுங்கு முழுங்குச்சுன்னா வலிப்பு வந்துடும். வேணாம்." ஓமம், எலுமிச்சைப்புல், கிராம்பு மூன்றை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். தீர்வு தேடிப் போன இடத்திலும் புதிதாக ஒரு பயத்தை வாங்கி வந்த மாதிரி இருந்தது.

தைலம் தண்ணீரில் கலக்காது; மேலே மிதக்கும். பாத்திரம் கழுவும் சோப் ஆயிலில் முதலில் குழைத்துப் பிறகு தண்ணீர் விட்டேன். பால் மாதிரி வெளுத்தது. அதன் பிறகுதான் உண்மையான சோதனை. அவரை வாசற்படியில், கால் இரண்டும் தெருவில் இருக்கும்படி உட்கார வைத்தேன். இன்ஹேலர் அவர் சட்டைப் பையில். நான் உள்ளே, அறையின் கோடி மூலையில், ஒரு மூடி அளவு கலவையைத் தரையில் தெளித்துவிட்டு வந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இன்னாமே, என்ன எலியா நெனச்சிகினு கீறியா?" என்றார்.

"பேசாத. மூச்ச மட்டும் வுடு."

கிராம்பு கலந்த அன்று இருமல் வந்துவிட்டது. குவளையை வைத்துவிட்டு ஓடினேன். அவரைத் தெருமுனை வரை நடத்திக் கூட்டிப்போய், இருமல் அடங்கும் வரை முதுகைத் தடவினேன். அதோடு கிராம்பு போனது. ஓமமும் எலுமிச்சைப்புல்லும் மிகக் கொஞ்சமாகச் சேர்த்து, ஜன்னலைத் திறந்து வைத்தால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. "ஓமத்தண்ணி வாசன வருது. வயித்துவலிக்குக் குடுப்பாங்கல்ல, அது மாரி" என்று மட்டும் சொன்னார்.

அந்தக் கலவையைத் தரையில் ஊற்றி உடனே துடைத்துவிட்டுத் தட்டில் தடவிப் பார்த்தபோது, கிருமி பழையபடியே வளர்ந்தது. ஊற்றிப் பத்து நிமிஷம் அப்படியே விட்டுத் துடைத்தபோது தட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் புள்ளி. அந்தப் பத்து நிமிஷம்தான் விஷயம். எனக்கு அழுகை வந்தது. லேபில் யாரும் பார்க்காமல் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

சில மாதம் இப்படியே ஓடியது. பிறகு மழை வந்தது.

எங்கள் தெருவில் மழைத்தண்ணீரும் சாக்கடையும் சேர்ந்துதான் வரும். அந்த வருஷம் முழங்கால் அளவு நின்றது. கறுப்பாக, மேலே எண்ணெய்ப் படலத்தோடு. வடிந்த பிறகு பார்த்தால், பின்பக்கத் தொட்டியின் மூடி விளிம்பில் சேற்றுக்கோடு. தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. நாங்கள் குடிக்க கேன் தண்ணீர்தான் வாங்குவோம். ஆனால் பாத்திரம் கழுவ, வாய் கொப்பளிக்க, குழந்தையைக் குளிப்பாட்ட எல்லாம் அந்தத் தொட்டித் தண்ணீர்தான்.

அந்த வாரம் லேபுக்கு வந்த மலச் சாம்பிள் டப்பாக்களில் முகவரியைத்தான் முதலில் பார்த்தேன். முதலில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி. அப்புறம் அடுத்த தெரு. அப்புறம் எங்கள் தெரு. டப்பா மேல் ஒட்டியிருந்த சீட்டில் எங்கள் தெருப் பெயரைப் பார்த்த அன்று கை உறையை இரண்டாகப் போட்டுக்கொண்டேன். அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது சாம்பிள். அது என்னவென்று உறுதியாகச் சொல்ல பெரிய லேபுக்குத்தான் அனுப்ப வேண்டும். ஆனால் என் மனசு அதற்குள் காலரா என்று சொல்லிவிட்டது. நான் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

மறுநாள் காலை பக்கத்துப் போர்ஷன்காரி சுவரைத் தட்டினாள்.

"அக்கா, கொஞ்சம் வாயேன். புள்ளைக்குத் தண்ணி மாரி போய்கினே கீது. கண்ணு சொருவுது."

போய்ப் பார்த்தேன். குழந்தையின் கண் உள்ளே போயிருந்தது. வயிற்றுத் தோலைப் பிடித்து விட்டேன். மடிப்பு மடிப்பாகவே நின்றது. உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். ஆட்டோ பிடித்தேன். போகும் வழி முழுக்க உப்பு சர்க்கரைக் கரைசலை ஸ்பூனால் அதன் வாயில் விட்டுக்கொண்டே போனோம். ஆஸ்பத்திரியில் நர்ஸுக்கு நரம்பு கிடைக்கவே இல்லை. இரண்டு கையிலும் குத்திப் பார்த்துவிட்டு, கடைசியில் காலில் ஏற்றினார்கள். குழந்தை அழக்கூட இல்லை. அது அழாததுதான் எங்கள் இரண்டு பேரையும் பயமுறுத்தியது. பாட்டில் பாதி இறங்கிய பிறகு மெதுவாகச் சிணுங்கியது. அவள் என் தோளில் சாய்ந்து, "அழுவுறா அக்கா, அழுவுறா" என்றாள்.

குழந்தை தேறியது. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே எம்.கே.பி. நகரில் இருந்த தன் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு அவள் மட்டும் திரும்பி வந்தாள். வீட்டைச் சுத்தம் செய்யாமல் பிள்ளையைக் கூட்டி வரமாட்டேன் என்றாள்.

அதே நாளில்தான் கார்ப்பரேஷன் ஆட்கள் தெருவில் மூட்டை மூட்டையாக பிளீச்சிங் பவுடரைத் தூவினார்கள். அவர்கள் வேலை அது. அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. எங்கள் வாசலில் மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். வந்தவர் நல்ல மனுஷன். "சரிம்மா, ஆனா தொட்டிக்குக் குளோரின் போட்டே ஆவணும். ஓமமெல்லாம் தொட்டிக்குப் பத்தாது" என்றார். அவர் சொன்னது சரிதான் என்று எனக்கும் தெரியும். தரைக்கு என் கலவை போதும். குடம் குடமாக நிற்கிற தண்ணீருக்கு அது போதாது. ஆனால் தொட்டியில் குளோரின் போட்டால் இவரை எங்கே வைத்துக்கொள்வது? ஞாயிற்றுக்கிழமை இவரை மீஞ்சூரில் கட்டிக்கொடுத்திருக்கும் எங்கள் மகள் வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் போடலாம் என்று பேசி முடித்தோம். அது வரைக்கும் ஜன்னலுக்கு ஈரத்துணி கட்டிவிட்டு இவர் அறைக்குள்ளேயே இருந்தார்.

பக்கத்துப் போர்ஷன்காரிக்கு ஞாயிறு வரை பொறுமை இல்லை. என் கலவையை ஒரு பாட்டிலில் ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஊற்றிப் பத்து நிமிஷம் விடு, அப்புறம் துடை, ஜன்னலைத் திறந்து வை என்று சொன்னேன். அவள் மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள்.

"வாசனயா கீது அக்கா. ஆனா இதுல கிருமி சாவுமா?"

"தரைல சாவும். நா தட்டுல போட்டுப் பாத்திருக்கேன்."

"ஆஸ்பத்திரில எல்லாம் மூக்க எரியிற மாரிதானே கீது? எரிஞ்சாதானே அக்கா சாவும்?"

அந்த எரிச்சலை நம்பித்தான் நானும் எத்தனையோ வருஷம் வாழ்ந்திருக்கிறேன். அவள் குழந்தையின் காலில் ஊசி ஏறியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். "சரியா பண்ணா போதும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன்.

மறுநாள் மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தேன். கேட்டைத் திறக்கும்போதே நெடி. வெறும் பிளீச்சிங் பவுடர் நெடி இல்லை. அதைவிடக் கூர்மையாக, தொண்டையில் நகம் வைத்துக் கீறுகிற மாதிரி. லேப் வேலைக்குப் படித்த காலத்தில் எங்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்த பாடம் அது: பிளீச்சிங் பவுடரும் கக்கூஸ் கழுவும் ஆசிடும் ஒன்றாகச் சேரவே கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயுவாகக் கிளம்பும்.

உள்ளே ஓடினேன். இவர் அறையில் இல்லை. கட்டில் மேல் இன்ஹேலர் கிடந்தது. பின்கதவில், தலைத்துண்டைக் குடத்தில் முக்கி மூக்கில் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். பின்பக்கம் முழுக்க இலேசான மஞ்சள் படலம்.

"உள்ள வுழுந்துட்டா மே. சத்தம் கேட்டுச்சு" என்றார். குரல் ஏற்கெனவே கம்மியிருந்தது.

"யோவ், நீ போவாத! நா போறேன். நீ வாசலுக்குப் போ!"

"நீ இந்தப் பொகையில நின்னது இல்ல. மூச்ச எங்க புடிக்கணும், எங்க வுடணும், உனக்குத் தெரியாது" என்றவர், துண்டை ஒரு கையால் அழுத்திக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. புடவைத் தலைப்பை அதே குடத்தில் நனைத்து முகத்தில் சுற்றிக்கொண்டு பின்னாலேயே போனேன். கண் எரிந்து தண்ணீராகக் கொட்டியது. பாதி நேரம் ஒன்றும் தெரியவில்லை. அவள் குளியலறை வாசலில் ஒருக்களித்துக் கிடந்தாள். கையில் இன்னும் துடைப்பம். பக்கத்தில் ஆசிட் பாட்டில் காலியாகச் சாய்ந்திருந்தது. குளோரின் காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தரையோடு தரையாகப் படிந்து நிற்கும். அவள் முகம் தரையில் இருந்தது. எனக்கு அது தெரிந்ததால்தான் அந்த நொடி அவ்வளவு பயங்கரமாக இருந்தது.

அவர் அவளுடைய இரண்டு கக்கத்திலும் கை கொடுத்துத் தூக்கி உட்கார வைத்துவிட்டார். நான் காலைப் பிடித்தேன். எங்கள் போர்ஷன் வழியாக, சமையலறையைத் தாண்டி, தெருவுக்கு எப்படி வந்தோம் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது. நடுவில் ஒரு பாத்திர அடுக்கு சரிந்த சத்தம் மட்டும் காதில் இருக்கிறது. தெருவில் போய்க்கொண்டிருந்த மீன்கார அம்மா கூடையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து அவளை வாங்கிக்கொண்டாள். பக்கத்துப் போர்ஷன்காரி இருமினாள். வாந்தி எடுத்தாள். கண்ணைத் திறந்தாள்.

நான் திரும்பி இவரைப் பார்த்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூக்கில் கட்டிய துண்டை அவிழ்க்கப் பார்த்தார். விரல் முடிச்சைத் தேடியது, கிடைக்கவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. "இன்ஹேலரு" என்றார். கட்டிலில் கிடந்த அதை எடுக்க நான் மறுபடியும் அந்த வீட்டுக்குள் போனேன். போகும்போது, திரும்பி வரும்போது இவர் நின்றுகொண்டிருப்பாரா என்ற ஒரே எண்ணம்தான். நான் வந்தபோது அவர் உட்கார்ந்திருந்தார். மீன்கார அம்மா அவர் தலையைத் தன் இடுப்பில் சாய்த்துப் பிடித்திருந்தாள்.

இரண்டு பேரையும் ஒரே ஆட்டோவில் ஏற்றினோம். அவள் இருமிக்கொண்டே, "அண்ணா, அண்ணா" என்று அழுதாள். இவரால் பதில் சொல்ல முடியவில்லை. கையை மட்டும் தூக்கி, பேசாதே என்கிற மாதிரி ஆட்டினார். ஒவ்வொரு மூச்சுக்கும் அவர் கழுத்துக்குழி உள்ளே போய் வந்தது. வாரம் தவறாமல் எத்தனையோ ஆஸ்பத்திரிகளுக்கு ரிப்போர்ட் கொண்டுபோனவள் நான். அன்றைக்கு அந்தக் கழுத்துக்குழியைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இரண்டு பேருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். அவளுக்கு மாலைக்குள் தெளிந்துவிட்டது. இளம் வயசு, நல்ல நுரையீரல். இவரைப் பார்த்த டாக்டர் பழைய சீட்டுகளைக் கேட்டார். கொடுத்தேன். படித்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார். "இப்ப பேசுறாரேன்னு நெனச்சுடாதீங்கம்மா. இந்த வாயு சில பேருக்கு நேரம் கழிச்சுத்தான் வேலையக் காட்டும். நுரையீரல்ல தண்ணி கோத்துக்கும். நாளைக்கு வரைக்கும் நான் எதுவும் சொல்ல முடியாது."

வார்டுக்குத் திரும்பினேன். மாஸ்க் ஆவி படிந்து, தெளிந்து, ஆவி படிந்து கொண்டிருந்தது. அதுதான் எனக்குக் கடிகாரம். ஒருமுறை மாஸ்க்கை விலக்கிவிட்டு, "ஐஸ் ஃபேக்டரில வந்தது கண்ணத்தான் மொதல்ல புடிச்சுது. இது தொண்டையப் புடிக்குது. ரெண்டும் வேற" என்றார்.

"நீ எதுக்குய்யா போன?"

"போவாம? ஒரு புள்ளையோட அம்மா அவ." மாஸ்க்கைப் போட்டுவிட்டேன். மறுபடி விலக்கினார். "நா போலன்னா நீ போயிருப்ப. அத என்னால பாத்துகினு நிக்க முடியாது."

தண்ணீர் கோத்துக்கொள்ளவில்லை. டாக்டர் மறுநாள் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்து வெகுநேரம் கேட்டுவிட்டு, "தப்பிச்சார்" என்றார். ஆனால் அதற்கு முன்பு இருந்த இடத்துக்கு அவர் திரும்பவில்லை. இப்போது மாடிப்படி என்றால் நடுவில் ஒருமுறை உட்கார வேண்டும். தினமும் இழுக்கிற மருந்து ஒன்று கூடியது.

லாரி ஓட்டுகிறவன் எண்ணூர் பக்கம் வரிசையில் லாரியை வேறொரு டிரைவரிடம் ஒப்படைத்துவிட்டு அன்று இரவே வந்திருந்தான். வந்தவன் இவர் கட்டிலின் கால்பக்கம் நின்றான். அவள் பேசினாள். "பவுடர் போட்டேன் அக்கா, பத்தலன்னு தோணுச்சு. ஆசிடும் ஊத்துனா சுத்தமா செத்துடும்னு நெனச்சேன்." என்னிடம் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா தெரியாது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. மைக்ராஸ்கோப் இல்லாமலே அவளுக்கும் என் பயம் வந்துவிட்டது, அவ்வளவுதான். அவளுக்கு அந்த இரண்டும் சேரக்கூடாது என்று சொல்ல ஆளில்லை.

டிஸ்சார்ஜ் ஆனதும் இவரை ராயபுரத்துக்குக் கூட்டி வரவில்லை. நேரே ரயிலேற்றி மீஞ்சூரில் மகள் வீட்டில் விட்டேன். அந்த இடைவெளியில் கார்ப்பரேஷன் ஆள் வந்து தொட்டியை இறைத்து, தேய்த்து, அளவு பார்த்துக் குளோரின் போட்டு, மறுபடி இறைத்து நிரப்பினார். இரண்டு நாள் எல்லாக் கதவையும் திறந்து வைத்தோம். நான் ஒவ்வொரு அறையிலும் தரையோடு குனிந்து மோந்து பார்த்தேன். அலமாரிக்குள், கட்டிலுக்கடியில். நெடி போய்விட்டது என்று என் மூக்கு சொன்னாலும் நான் நம்பவில்லை. பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு அவளையும் மோந்து பார்க்கச் சொன்னேன். அதன் பிறகுதான் அவரை அழைத்து வந்தேன்.

இப்போது இரண்டு போர்ஷனிலும் தரைக்கும் கக்கூஸுக்கும் ஓமமும் எலுமிச்சைப்புல்லும் கலந்த கலவைதான். தொட்டித் தண்ணீருக்கு மட்டும் குளோரின் மாத்திரை, அளவாக, இவர் வாசலில் இருக்கும்போது, மூடியைத் திறந்து வைத்து. ஆசிட் பாட்டில் இந்த வீட்டுக்குள் வருவதில்லை. அவள் ஊற்றிவிட்டுச் செல்போனில் நேரம் பார்த்துக்கொண்டு நிற்பாள். குழந்தை வாசலில் இவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். கலவை பாட்டில் இருப்பது பூட்டுப் போட்ட அலமாரியில். சாவி என் தாலிச் சரட்டோடு.

அந்த மழைக்கு அப்புறம் எங்கள் இரண்டு வீட்டிலும் யாருக்கும் வயிற்றால் போகவில்லை. அது ஓமத்தாலா, குளோரினாலா, மழை விட்டதாலா, எனக்குச் சொல்லத் தெரியாது. நான் இன்னும் அடிக்கடி பஞ்சுக் குச்சியால் தரையைத் துடைத்து லேபுக்கு எடுத்துப் போகிறேன். பெரும்பாலும் தட்டு சுத்தமாக இருக்கும். சில நாள் காலையில் எதிர்பாராமல் நிறைந்துவிடும். அப்போது அன்று முழுக்க எனக்கு வேலை ஓடாது. லேப் டாக்டர் சிரிப்பார். "எந்த வீட்டுத் தரையும் ஆபரேஷன் தியேட்டர் இல்லம்மா" என்பார். தெரியும். தெரிந்தும் மாலையில் வீட்டுக்குப் போய் முதல் வேலையாக அவர் உள்ளங்காலைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுவேன். அவர் கூச்சத்தில் காலை இழுத்துக்கொள்வார்.

போன வாரம் ஒரு விடியற்காலை, வடக்கிலிருந்து காற்று வந்தது. கூடவே ஏதோ ஒரு நெடி. அழுகிய முட்டையா, எரிந்த ரப்பரா, யாராலும் சொல்ல முடியவில்லை. தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஆட்கள் வந்து நின்று மூக்கைத் தூக்கிக்கொண்டு வடக்கே பார்த்தார்கள். திருவொற்றியூர் பக்கமா, அதற்கும் அந்தப் பக்கமா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். நான் ஜன்னலைச் சாத்தி, ஈரப் போர்வையை ஆணியில் மாட்டினேன். பக்கத்துப் போர்ஷன்காரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கள் அறைக்கே வந்துவிட்டாள். நான்கு பேரும் அந்த இருட்டான அறையில் உட்கார்ந்திருந்தோம்.

"போய்ட்ச்சா?" என்று அவள் கேட்டாள்.

"இன்னும் இல்ல" என்றார் இவர்.

வெயில் ஏறி, காற்று கடல் பக்கமிருந்து வரத் தொடங்கிய பிறகு, இவரே எழுந்து போய்ப் போர்வையின் ஒரு ஓரத்தை மட்டும் தூக்கிப் பார்த்தார். நான் அடுப்பைப் பற்ற வைத்து நான்கு பேருக்கும் டீத்தண்ணி வைத்தேன்.